லொக்கரைத் திறக்கச் சொன்னால்: பாசறையில் இருந்தவர்களின் அனுபவங்கள்

உவர்மலை ஐயா:
எந்தச் சீருடையில் இருந்தேன் என்பது இங்கே வேண்டாம். அறுபதுகளின் கடைசி, முதலில் திருகோணமலை, அப்புறம் வேறு இடங்கள். வெள்ளைக்காரன் 1957இலேயே டொக்யாட்டை, அதாவது அங்கிருந்த கடற்படைத் தளத்தை, ஒப்படைத்துவிட்டுப் போயிருந்தான். ஆனாலும் நாங்கள் படுத்த இடமெல்லாம் அவன் பழகிவிட்டுப் போன மாதிரிதான்: நீண்ட ஹோல், இரண்டு பக்கமும் கட்டில் வரிசை, ஆளுக்கொரு லொக்கர், நடுவில் நடைபாதை. தடுப்பு என்று ஒரு பலகைகூடக் கிடையாது.

இப்படி ஒரு இடத்தில் தனிமை கிடைக்குமா என்று கேட்கிறார்கள். கிடைத்தது. நுளம்பு வலையை இறக்கிவிட்டால் அந்த ஆள் வீட்டில் இல்லை என்று எங்களுக்குள் ஒரு கணக்கு. உள்ளே கடிதம் எழுதுகிறானா, அழுகிறானா, சும்மா முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறானா, யாரும் கேட்கமாட்டார்கள். டியூட்டிக்கு எழுப்புவதென்றால் கட்டில் காலை மட்டும் தட்டுவோம். இதை எந்த ஒழுங்குப் புத்தகமும் எங்களுக்குச் சொல்லித்தரவில்லை. புதிதாக வந்த பெடியனுக்கும் நாலு நாளில் பிடிபட்டுவிடும்.

இன்ஸ்பெக்ஷன் வேறு கதை. கட்டில் கால்மாட்டில் விறைத்து நிற்க வேண்டும். லொக்கரை நாங்கள்தான் திறப்போம், அவர் பார்ப்பார். எனக்கு வாய்த்த ஒரு மேலாள் சரியான கடும் ஆள். சப்பாத்தின் அடியில் மண் இருந்தாலும் அன்றைக்கு லீவு போச்சு. ஆனால் உடுப்புக்குக் கீழே கட்டி வைத்திருந்த கடிதங்களில் அவர் கை படவே படாது. லொக்கர்க் கதவின் உள்பக்கம் நான் பத்திரகாளி அம்மன் படம் ஒட்டியிருந்தேன். ஒட்டக்கூடாது என்பது சட்டம். "கழற்றிப் புத்தகத்துக்குள் வை" என்று சிங்களத்தில் மெதுவாகச் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

பிறகு போன இடத்தில் ஹோலுக்குப் பொறுப்பாக இருந்தவன் வேறு மாதிரி. நான் இல்லாத நேரம் லொக்கரைத் திறந்து, வீட்டுக் கடிதங்களை எடுத்து, தமிழ் தெரிந்த இன்னொருவனிடம் வாசிக்கச் சொல்லியிருக்கிறான். அதில் என்ன இருந்தது? தங்கச்சியின் சம்பந்தப் பேச்சு, மாட்டுக்கு வருத்தம். முதலாமவர் கடுமை, இவன் ஹோலில் எல்லோரோடும் சிரித்துக் கதைக்கிறவன். நான் பயந்தது இவனுக்குத்தான்.

வயரிங் தம்பி:
ஐயா சொன்னதற்குப் பக்கத்தில் என் பங்கு. நான் சிவில் ஆள், கொன்ட்ராக்டில் படுக்கை ஹோல்களுக்கு வயர் இழுத்தவன். பழைய ஹோலில் வாசல் மேசையில் மட்டும் பிளக். எல்லோருடைய போனும் அங்கேதான் கிடக்கும். யாருக்கு யார் கோல் எடுக்கிறார்கள் என்பது ஊருக்கே தெரியும், சண்டையும் அதனால்தான். கட்டிலுக்கொரு பிளக்கும் சின்ன லைட்டும் போட்டுக் கொடுத்த பிறகு அந்தச் சத்தம் குறைந்தது என்று அங்கிருந்தவர்களே சொன்னார்கள். ஆனால் அடுத்த தலையிடி உடனே வந்தது, வீடியோ கோல். பின்னால் ஒருவர் துவாயோடு போகிறார், இவர் மனிசிக்குப் பிள்ளைக்குக் கைகாட்டுகிறார்! படுக்கை ஹோலுக்குள் வீடியோ கோல் கூடாது, வெளி விறாந்தையில் போய்க் கதை என்று தடை போட்டார்கள். முணுமுணுத்தவர்கள் உண்டு. எனக்கென்றால் அது துவாய்க்காரரைக் காப்பாற்றப் போட்ட சட்டமாகத்தான் தெரிந்தது.

லண்டன் மருமகள்:
என் வீட்டுக்காரர் பிரிட்டிஷ் ராணுவத்தில் இருந்தவர், அதனால் இந்த விஷயத்தைத் தேடி வாசிக்கும் பழக்கம் உண்டு. 19ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் அந்த ராணுவத்தில் மனைவியோடு இருக்க அனுமதி பெற்ற சிப்பாய்கூட, பொது ஹோலின் ஒரு மூலையில் கம்பளியைத் தொங்கவிட்டுத்தான் குடும்பம் நடத்தினான். பிள்ளை பிறந்ததும் அந்தக் கம்பளிக்குப் பின்னால்தான். கிரிமியப் போருக்குப் பிறகு, சிப்பாய்கள் நெரிசலாலும் கெட்ட காற்றாலும் சாகிறார்கள் என்று விசாரித்த ஆணைக்குழு 1858இல் அறிக்கை கொடுத்தது. ஆளுக்கு 600 கன அடி இடம் வேண்டும் என்ற அளவு அந்தக் காலத்தில் வந்ததுதான். அதைக் கேட்டது நோய்க்குப் பயந்து. வெட்கத்தைப் பற்றி யாரும் கவலைப்பட்ட மாதிரித் தெரியவில்லை.

ஐயாவின் கடிதக் கதைக்கு இன்னொன்று. அமெரிக்கப் படைகளின் சாட்சிய விதி 313, இன்ஸ்பெக்ஷனையும் தேடுதலையும் வேறு வேறாக வைக்கிறது. பிரிவு ஆயத்தமாக இருக்கிறதா, சுத்தமாக இருக்கிறதா என்று எல்லோருடைய இடத்தையும் பார்க்க, கொமாண்டருக்குத் தனிக் காரணம் தேவையில்லை. ஆனால் ஒருவனை மட்டும் குறிவைத்துக் குற்றத்துக்கு ஆதாரம் தேடுவதை இன்ஸ்பெக்ஷன் என்று பெயர் சொல்லிச் செய்ய முடியாது, அதற்கு வேறு அனுமதி வேண்டும். ஐயாவின் முதல் மேலாள் இதை வாசித்திருக்கமாட்டார், ஆனால் அப்படித்தான் நடந்திருக்கிறார்.

கோணேசர் வீதி அக்கா:
எனக்குப் பாசறை அனுபவம் இல்லை, அதன் நடுவால் நடந்த அனுபவம் உண்டு. கோணேசர் கோயிலுக்குப் போகிற வழி பிரெட்ரிக் கோட்டைக்குள்ளால்தானே. இரண்டு பக்கமும் மான், அதற்கு அப்பால் படையினர் இருக்கும் கட்டடங்கள். கொடியில் பனியன் காயும், ஒருவர் வாளியோடு போவார். வான் வண்டியில் வந்திறங்கும் கூட்டம் மானைப் படம் எடுக்கிற சாட்டில் அவர்களையும் எடுக்கும். யாரோ வீட்டு முற்றத்தில் நிற்கிறோம் என்ற நினைப்பே இல்லை. எங்கள் வீட்டு அலுமாரியைச் சீருடைக்காரர்கள் கிண்டிப் பார்த்த காலத்தை நான் மறக்கவில்லை, அதனால் பெரிய இரக்கம் வந்துவிட்டது என்று நடிக்கமாட்டேன். ஆனாலும் பிள்ளைகளிடம் அந்தப் பக்கம் போனை நீட்டாதே என்று சொல்லித்தான் கூட்டிப்போவேன்.

உவர்மலை ஐயா:
கோணேசர் வீதித் தங்கச்சி சொன்னது சரி, எனக்கும் அந்த அலுமாரிக் காலம் தெரியும்.

பயிற்சிக்குப் போகிற பெடியன் ஒருவன் என்ன கொண்டுபோவது என்று தனியாகக் கேட்டிருந்தான். தம்பி, நல்ல பூட்டு ஒன்று வாங்கு. இரண்டாவது சாவியை ஒப்படைக்கச் சொன்னால் எழுத்தில் பதியச்சொல்லிவிட்டுக் கொடு. பக்கத்துக் கட்டில்காரன் எவ்வளவு நல்லவனானாலும் அவனிடம் கொடுக்காதே. நுளம்பு வலை அங்கேயே தருவார்கள்.