சங்குப்பூ கோதுமை பியரின் ஊதா நிறம் மூன்றே வாரத்தில் மங்குகிறது

வணக்கம் நண்பர்களே. மெல்போர்னில் வீட்டிலேயே பியர் காய்ச்சுகிறேன். பெல்ஜியக் கோதுமை பியரான விட்பியரைச் சங்குப்பூவால் ஊதாவாக்கப் பார்க்கிறேன். சுவையில் குறையே இல்லை, நிறம்தான் நிற்கவில்லை. பாட்டிலில் அடைக்கும்போது அழகான ஊதா. மூன்றாம் வாரம் கழுவிய தண்ணீர் போலச் சாம்பல் பழுப்பு.

அளவு 19 லிட்டர். பில்ஸ்னர் மால்ட் (வெளிர் நிற, முளைகட்டி உலர்த்திய பார்லி) 2.3 கிலோ, முளைகட்டாத கோதுமை 2 கிலோ, கொத்தமல்லி விதை, ஆரஞ்சுத் தோல். 20 டிகிரியில் 12 நாள் நொதித்தது. கடைசி பிஎச் (அமில அளவு, குறையக் குறையப் புளிப்பு கூடும்) 4.3. காய்ந்த பூ 30 கிராம்.

முதல் முறை பூவைக் கொதியின் கடைசியில் போட்டேன். நொதித்து முடிவதற்குள் பாதி நிறம் போய்விட்டது. அடுத்த முறை வோட்காவில் ஓர் இரவு ஊறவைத்து, நொதித்த பிறகு வடிகட்டிச் சேர்த்தேன். தொடக்கத்தில் நிறம் நன்றாக ஏறியது, பிறகு அதே கதை. அந்தத் தொகுதியில் பாதியைக் காற்றுப் படாமல் கெக்கில் (மூடிய உலோகப் பீப்பாயில்) ஏற்றினேன், அது ஒரு வாரம் கூடுதலாகத் தாங்கியது. ஆகவே ஆக்சிஜன் மீது எனக்குச் சந்தேகம் உண்டு, ஆனால் அது மட்டும் காரணமாகத் தெரியவில்லை. பாட்டில்கள் இருட்டான ஃபிரிட்ஜில்தான் இருந்தன, வெளிச்சம் காரணமல்ல. ஒரு லிட்டரில் மட்டும் லாக்டிக் அமிலம் விட்டு பிஎச்சை 3.5க்கு இறக்கினேன். நிறம் பளிச்சென்று செவ்வூதாவாகியது. ஆனால் குடித்தால் புளிப்பு, அது விட்பியரே அல்ல.

புளிப்பு ஏறாமல், பிஎச் 4.3 அளவிலேயே இந்த ஊதா இரண்டு மாதம் நிற்க, பூவை எந்தக் கட்டத்தில், எப்படிச் சேர்க்க வேண்டும்?