ஆய்வு முன்வரைவு எழுதியபோது எங்கே இடறினீர்கள்?

மதுரையிலிருந்து ஓர் எம்.எட். மாணவி:

ஆய்வேட்டுக்காக நான் முதலில் எழுதிக் கொண்டுபோன தலைப்பு, "ஆறாம் வகுப்பு மாணவர்களின் தமிழ்மொழித் திறன்கள் – ஓர் ஆய்வு" என்பது. நெறியாளர் அதைப் படித்துவிட்டு, "கேட்டல், பேசுதல், படித்தல், எழுதுதல் நான்கையும் ஒரே பருவத்தில் எப்படியம்மா அளந்து முடிப்பாய்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. எழுதுதலை மட்டும் எடுத்துக்கொண்டேன், அதிலும் எழுத்துப்பிழை, அதிலும் ல, ள, ழ மயக்கமும் ர, ற மயக்கமும் மட்டும். தலைப்பு குறுகக் குறுக, ஆய்வே ஒன்றுமில்லாமல் போய்விடுமோ என்று மனம் சுணங்கியது.

ஆய்வுக் கருவி என்ற தலைப்பின் கீழ், இருபது சொற்கள் கொண்ட சொல்வதெழுதுதல் தேர்வு என்று ஒரே வரியில் எழுதியிருந்தேன். துறையில் முன்வரைவை வைப்பதற்கு முன் அதை ஒரு வகுப்பில் நடத்திப் பார்த்துவிட்டு வரும்படி நெறியாளர் சொன்னார். தலைமையாசிரியரின் அனுமதியோடு ஒரு பிற்பகலில் நடத்தினேன். பாதி வகுப்புக்கு மேல் 'மழை' என்பதை 'மளை' என்றே எழுதியிருந்தது. சிவப்பு மையால் சுழித்த தாளைத் திருப்பிக் கொடுத்தபோது முன்வரிசைச் சிறுமி ஒருத்தி எழுந்து, "டீச்சர், நீங்க 'மளை'ன்னுதானே சொன்னீங்க?" என்றாள்.

எங்கள் ஊர்ப் பேச்சில் வாழைப்பழம் 'வாளப்பளம்'தான். இருபத்து நான்கு ஆண்டுகளாக அப்படித்தான் சொல்லி வந்திருக்கிறேன் என்பது அன்றுவரை என் காதில் விழுந்ததே இல்லை. பிள்ளைகளின் எழுத்தை அளக்கப் போன தேர்வில் என் உச்சரிப்பும் கலந்துவிட்டிருந்தது. இன்னொரு சொல் அதைவிட மோசம்: 'கறை' என்று நான் சொன்னதற்குப் பலர் 'கரை' என்று எழுதியிருந்தார்கள். இரண்டும் தமிழில் உள்ள சொற்கள். குமரி மாவட்டத்தைப் போல இரண்டு எழுத்தையும் வேறுபடுத்தி ஒலிக்கும் வழக்கம் எங்கள் பக்கம் இல்லை. வாக்கியமும் இல்லாமல் தனிச்சொல்லாகச் சொல்லிவிட்டு, அதைப் பிழை என்று மதிப்பெண் குறைக்க எனக்கு என்ன உரிமை?

பிறகு கட்டுரை ஏடுகளைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். ஒரு பையன் முதல் வரியில் 'பள்ளி' என்று சரியாக எழுதிவிட்டு, நான்கு வரி தள்ளி, "எங்கள் பல்லியில் பெரிய வேப்பமரம் உள்ளது" என்று எழுதியிருந்தான். அறியாமையால் வரும் பிழையையும் கவனம் சிதறுவதால் வரும் தவறையும் கார்டர் என்ற மொழியியலாளர் 1967இல் பிரித்துக் காட்டியதைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்திருந்தேன். அந்த ஏட்டைப் பார்த்த பிறகே அது விளங்கியது. ஒருமுறை எழுதிய சொல்லை வைத்து எதையும் முடிவுகட்ட இயலாது என்பதால், ஒவ்வொரு சொல்லும் வெவ்வேறு வாக்கியங்களில் மூன்று முறையாவது வரும்படி, படத்துடன் கூடிய கோடிட்ட இடங்களாகக் கருவியை மாற்றினேன். நான் வாய் திறக்க வேண்டிய தேவை அதில் இல்லை.

கால அட்டவணையிலும் கோட்டைவிட்டேன். முதன்மைக் கல்வி அலுவலரின் அனுமதிக் கடிதம் வந்து சேர்ந்தபோது அரையாண்டுத் தேர்வு தொடங்கிவிட்டது. தரவு திரட்டல் பொங்கல் விடுமுறைக்குப் பின்புதான் நடந்தது.

கோவையிலிருந்து ஒரு நெறியாளர்:

மேலே எழுதியவருக்கு வாய்த்த சிறுமியைப் போல ஒருத்தி எல்லா ஆய்வாளருக்கும் கிடைக்க வேண்டும். என்னிடம் வந்த மாணவர் ஒருவர், விளையாட்டு முறையில் இலக்கணம் கற்பித்தால் அடைவு உயரும் என்று நிறுவ விரும்பி, 'அ' பிரிவைச் சோதனைக் குழுவாகவும் 'ஆ' பிரிவைக் கட்டுப்பாட்டுக் குழுவாகவும் வைத்து முன்தேர்வும் பின்தேர்வும் திட்டமிட்டார். சோதனைக் குழுவுக்கு அவரே பாடம் நடத்துவதாகவும், மற்றதை வழக்கமான ஆசிரியர் பார்த்துக்கொள்வதாகவும் முன்வரைவு சொன்னது. அப்படியானால் பின்தேர்வில் தெரியும் வேறுபாடு முறையால் வந்ததா, ஆளால் வந்ததா? நான் அதைக் கவனிக்காமல் கையெழுத்திட்டுவிட்டேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். போதாக்குறைக்கு, மதிய உணவு வேளையில் 'அ' பிரிவுப் பிள்ளைகள் வல்லினம் மிகும் இடங்களுக்கான சீட்டு விளையாட்டை 'ஆ' பிரிவுக்கும் கற்றுக்கொடுத்துவிட்டார்கள். இரு குழுக்களின் சராசரிக்கும் இடையே பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை என்று வந்தபோது மாணவர் அழாக்குறையாக நின்றார். எனக்கோ உள்ளூர மகிழ்ச்சி. பிள்ளைகள் தாமாகவே புணர்ச்சி விதியைக் கற்பித்துக்கொள்வதை வேறெங்கும் நான் கண்டதில்லை.

மட்டக்களப்பிலிருந்து ஓர் ஆசிரியர்:

சிங்கள மொழிமூலப் பாடசாலையில் தமிழை இரண்டாம் மொழியாகக் கற்கும் தரம் 7 மாணவரின் எழுத்துப்பிழைகள் பற்றி எனது ஆய்வு முன்மொழிவு அமைந்திருந்தது. ல, ள வேறுபாடு அவர்களுக்குப் புதியது என்று முன்னுரையில் எழுதியிருந்தேன். சிங்களத்திலும் அவ்விரு எழுத்துக்களும் உள்ளன என்றும், பேச்சில் இரண்டும் ஒன்றாகவே ஒலிப்பதால் பிள்ளைகள் தாய்மொழியிலேயே அவற்றை மாற்றி எழுதுகிறார்கள் என்றும் மேற்பார்வையாளர் சுட்டிக்காட்டிய பிறகு முன்னுரை முழுவதையும் கிழித்துப் போட வேண்டியதாயிற்று. இப்போது சிங்களச் சொல்வதெழுதுதல் ஒன்றையும் கருவியில் சேர்த்திருக்கிறேன். மதுரைச் சகோதரியின் அனுபவத்தைப் படித்த பின்னர், அதை வாசிக்கப் போகிறவர் எந்தப் பகுதியைச் சேர்ந்தவர் என்பதையும் விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.