செவ்வந்தி முன்னங்காலைத் தூக்கி ஆட்டுகிறது: முத்துவுடன் சேர்த்து விடலாமா?

கேள்வி (அம்பத்தூரிலிருந்து)

வணக்கம். எங்கள் வீட்டில் 14 மாத வயதுடைய இரண்டு பியர்டட் டிராகன்கள் (ஆஸ்திரேலியப் பல்லியினம்) இருக்கின்றன. இரண்டையும் ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கினோம். ஆணுக்கு முத்து என்றும் பெண்ணுக்குச் செவ்வந்தி என்றும் என் மகள் பெயர் வைத்தாள். தனித்தனிக் கண்ணாடித் தொட்டிகள்தான், ஆனால் அடுத்தடுத்து வைத்திருக்கிறோம். தை பிறந்ததிலிருந்து முத்துவின் தாடி கரியாகக் கறுத்து, அது தலையை வேகவேகமாக ஆட்டுகிறது; அதைக் கண்டதும் செவ்வந்தி ஒரு முன்னங்காலைத் தூக்கி மெல்ல வட்டமாகச் சுழற்றுகிறது. நான்கு நாட்களாகச் செவ்வந்தி சரியாகத் தின்னாமல், தொட்டியின் மூலையை ஓயாமல் பிறாண்டிக்கொண்டிருக்கிறது. முத்துவிடம் போகத்தான் இப்படித் தவிக்கிறதா? இரண்டையும் ஒன்றாக விடலாமா?

மறுமொழி 1 (பெரம்பூரிலிருந்து)

தயவுசெய்து ஒன்றாக விடாதீர்கள். முத்து செய்வதை நீங்கள் சரியாகவே புரிந்துகொண்டிருக்கிறீர்கள்: நம் ஊர் வேலி ஓணான் இனப்பெருக்கக் காலத்தில் தொண்டை சிவந்து தலையாட்டுவதைப் போன்றதுதான் அது, இரண்டும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த பல்லியினங்கள். ஆனால் செவ்வந்தி கையசைப்பது சம்மதம் அன்று. தன்னைவிட வலிய ஒன்றைக் கண்டு, தான் அடங்கிப் போவதாகத் தெரிவிக்கும் சைகை அது. குட்டிகளும் பெரியவற்றின் முன்னால் அப்படித்தான் செய்யும். இணை சேரும்போது ஆண் பெண்ணின் கழுத்தைப் பல்லால் கவ்விப் பிடிக்கும் என்பதால், ஒதுங்க இடமில்லாத தொட்டியில் அது காயத்தில் முடிவதை நானே பார்த்து வருந்தியிருக்கிறேன். தவிர, ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கியவை உடன்பிறந்தவையாகவும் இருக்கலாம். அதோடு செவ்வந்திக்கு ஒன்றரை வயதுகூட ஆகவில்லை, இணை சேர இன்னும் இளசு.

பிறாண்டுவதுதான் என்னைக் கவலைப்பட வைக்கிறது. கோழி சேவல் இல்லாமலே முட்டையிடுவதைப் போல, இந்தப் பெண்ணும் இணை சேராமலே கருவில்லாத முட்டைகளை இடக்கூடும். வயிற்றின் இருபுறமும் விரலை மிக மென்மையாக வைத்துப் பாருங்கள். கோலிக்குண்டுகளைப் போலத் தட்டுப்பட்டால் அது முட்டையிட இடம் தேடுகிறது என்று பொருள். இன்றே ஒரு பெரிய பிளாஸ்டிக் தொட்டியில் மணலும் தோட்டமண்ணும் கலந்து ஒரு முழம் உயரத்துக்கு நிரப்பி, விரலால் துளையிட்டால் துளை சரியாமல் நிற்கும் அளவுக்கு ஈரப்படுத்தி, செவ்வந்தியை அதில் விட்டுவிட்டு எல்லோரும் விலகிவிடுங்கள். யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் பாதியில் நிறுத்திவிடும். இரண்டு தொட்டிகளுக்கும் இடையில் ஓர் அட்டையை வைத்து மறைத்துவிடுங்கள்.

இரையின் மீது கால்சியம் தூளைத் தூவிக் கொடுங்கள். பாலக் கீரையைத் தவிர்த்துவிடுங்கள், அதிலுள்ள ஆக்சலேட் சுண்ணாம்புச்சத்தை உடலில் சேரவிடாது. ஜன்னலோர வெயிலே போதும் என்று நம் ஊரில் பலர் நினைக்கிறார்கள். சுண்ணாம்புச்சத்து உடலில் சேர உதவும் யூவிபி என்ற புறஊதாக் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும் என்பதால், அந்தக் கதிரைத் தரும் யூவிபி விளக்கு கட்டாயம் தேவை. சுண்ணாம்புச்சத்து குறைந்த உடலுக்கு முட்டையை வெளியே தள்ளும் வலு இருக்காது.

மறுமொழி 2 (மடிப்பாக்கத்திலிருந்து)

மேலே சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். பின்னாளில் வேறு ஆணோடு சேர்க்க எண்ணினால் ஒன்றை முன்கூட்டியே யோசித்துக்கொள்ளுங்கள். ஒருமுறை இணை சேர்ந்த பெண் விந்தை உடலில் சேமித்து, ஒரே பருவத்தில் பலமுறை முட்டையிடும். ஒவ்வொரு முறையும் 15 முதல் 30 முட்டைகள் வரை வரலாம். அத்தனை குஞ்சுகளுக்கும் பொறுப்பான வீடுகளை எங்கே தேடுவது?

அடைகாப்பதற்கு 28 முதல் 30 டிகிரி வெப்பம் இரண்டு மாதத்துக்கும் மேல் சீராக இருக்க வேண்டும். குளிர்நாட்டினர் அதற்காகச் சூடேற்றுகிறார்கள்; அக்னி நட்சத்திரத்தில் நம் அறையே 34 டிகிரியைத் தொடும்போது நாம் குளிர்விக்கத்தான் பாடுபட வேண்டும், அதிலும் மின்சாரம் போனால் என்ன செய்வது? முட்டை 32 டிகிரிக்கு மேல் சூடானால், குரோமோசோம்படி ஆணாக வேண்டிய கருவும் பெண்ணாக வளரத் தொடங்கும். இது ஆஸ்திரேலியக் காட்டிலேயே நடப்பதை 2015இல் ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று மாலை மண்தொட்டியில் விட்டோம். இரவு எட்டு மணிக்குப் பார்த்தபோது செவ்வந்தி குழியை மூடி, மூக்கால் மண்ணைத் தட்டித் தட்டி அமுக்கிக்கொண்டிருந்தது. தோண்டிப் பார்த்ததில் 11 முட்டைகள். எல்லாம் மஞ்சள் பாரித்துச் சப்பையாக இருக்கின்றன. ஆனால் வயிற்றின் இடப்பக்கத்தில் இன்னும் இரண்டு உருண்டைகள் தட்டுப்படுகின்றன, தண்ணீர் மட்டுமே குடிக்கிறது. காத்திருக்கலாமா?

மறுமொழி 1 (பெரம்பூரிலிருந்து)

காத்திருக்க வேண்டாம். முட்டை உள்ளே தங்கிவிட்டால் உயிருக்கே ஆபத்து; பின்னங்கால்கள் தளர்ந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது. நாளைக் காலையிலேயே வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, ஊர்வனவற்றைப் பார்க்கும் வேறொரு மருத்துவரிடமோ கொண்டு சென்று எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். காற்றுத் துளையிட்ட அட்டைப்பெட்டியில் பருத்தித் துணி விரித்து, ஏசிக் காற்று நேராகப் படாமல் எடுத்துச் செல்லுங்கள். முட்டையிட்ட நேரம், எண்ணிக்கை, கடைசியாக இரை தின்ற நாள் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். மருத்துவர் முதலில் அவற்றைத்தான் கேட்பார்.