ஜெர்மனியில் வீட்டுக்கு டேபிள் டென்னிஸ் மேசை: அளவுநாடாவை முதலில் எடுங்கள்

கேள்வி: வணக்கம் அண்ணா. கார்ல்ஸ்ரூஹேவுக்கு வந்து நான்கு மாதம் ஆகிறது. கோவையில் கல்லூரிக் காலத்தில் டேபிள் டென்னிஸ் ஆடியவன் நான். பையனுக்கு ஒன்பது வயது. குளிர்காலம் முழுக்க கைபேசியோடு கிடப்பானோ என்று கவலையாக இருக்கிறது. மூன்றாம் மாடி வாடகை வீடு, கீழே கெல்லர் (நிலவறை) ஒன்று உண்டு. மேசைகளைத் தேடினால் 16, 19, 22, 25 என்று எண்களாக வருகின்றன. எதை வாங்குவது?

பதில்: தம்பி, அந்த எண்கள் பலகையின் தடிமன், மில்லிமீட்டரில். 16 என்றால் பந்து சோம்பலாக எழும். வீட்டு ஆட்டத்துக்கு 19 போதும், கொஞ்சம் தீவிரமாக ஆடுபவருக்கு 22. 25 என்பது போட்டி மேசை. அதன் எடை 100 கிலோவைத் தாண்டிவிடும்.

நான் வந்த புதிதில் 25தான் வாங்கினேன். 'ஃப்ரை போர்ட்ஸ்டைன்காண்டே' என்று விளம்பரத்தில் போட்டிருந்தது. 'ஃப்ரை' என்றால் இலவசம் என்பது மட்டும் கண்ணில் பட்டது, மற்றதைப் படிக்கவில்லை. நடைபாதை ஓரம் வரைதான் கொண்டுவந்து தருவார்கள் என்பது அதன் பொருள். லாரிக்காரர் தூறலில் இறக்கி வைத்துவிட்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். அலுவலக நண்பரை அழைத்து, இருவருமாக முதல் மாடித் திருப்பம் வரை தூக்கினோம். அங்கே அது திரும்பவே இல்லை. பிறகு என்ன, இறங்குமுகம்தான்: கெல்லருக்கே போனது. இரண்டு குளிர்காலம் அந்த ஈரத்தில் நின்றதில் ஓரங்கள் ஊறிய ரஸ்க் போல உப்பிவிட்டன. அதைக் குப்பைக்கு அனுப்பியது தனிக் கதை.

உள்ளரங்க மேசையின் பலகை மரத்துகளை அழுத்திச் செய்தது, ஈரம் ஆகாது. கெல்லரில் சுவர் சில்லென்று இருந்தாலோ மண்வாடை அடித்தாலோ 'வெட்டர்ஃபெஸ்ட்' (மழை வெயில் தாங்கும்) என்று எழுதிய வெளிப்புற மேசையைப் பாருங்கள். அதன் மேற்பரப்பு மெலமைன் ரெசின். பலகை மெல்லியது, பெரும்பாலும் 4 முதல் 10 மில்லிமீட்டர்தான். இதை மேலே சொன்ன எண்களோடு ஒப்பிட்டுக் குழம்ப வேண்டாம்.

இனி இடம். விரித்த மேசை 2.74 மீட்டர் நீளம், 1.525 மீட்டர் அகலம். ஆளுக்கு ஒன்றரை மீட்டராவது பின்னால் நகர இடம் வேண்டும், பக்கவாட்டில் ஒரு மீட்டர். அப்படியானால் அறை ஏறத்தாழ 6 மீட்டருக்கு மூன்றரை மீட்டர். மடித்த மேசை நுழைய வேண்டிய கதவு, படிக்கட்டுத் திருப்பம், லிஃப்ட் எல்லாவற்றையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு பாதியாகத் தனித்தனியே பிரியும் மேசை படிக்கட்டுக்கு நல்லது. ஆனாலும் ஒரு பாதியே 1.37 மீட்டருக்கு 1.525 மீட்டர் என்பதை மறக்க வேண்டாம்.

மூன்றாம் மாடி வரவேற்பறையில் போடும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். 'டொக் டொக்' என்ற அந்தச் சத்தம் கீழ்வீட்டுக்காரர் தலையில்தான் இறங்கும். இரவு 10 முதல் காலை 6 வரை பொதுவாக அமைதி நேரம். ஞாயிறு முழுநாளும் அப்படித்தான். வாடகை ஒப்பந்தத்தோடு தந்த ஹவுஸ்ஓர்ட்னுங் (குடியிருப்பு விதிகள்) தாளை வாசியுங்கள். கெல்லரில் விளையாடலாமா என்று வீட்டுக்காரரிடம் ஒரு மின்னஞ்சலில் கேட்டு வையுங்கள்.

புதிது வேண்டியதில்லை. பிள்ளைகள் வளர்ந்த வீடுகளில் தூசி படிந்து நிற்கும் மேசைகள் க்ளைன்அன்சைகன் என்ற பழைய பொருள் விற்கும் இணையதளத்தில் நிறையக் கிடைக்கும். பார்க்கப் போகும்போது ஒரு பந்தும் அடிக்கோலும் நூலும் கொண்டுபோங்கள். 30 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து பந்தை விட்டால் 23 சென்டிமீட்டர் அளவுக்கு எழ வேண்டும். பத்து இடங்களில் விட்டுப் பாருங்கள். ஓரிடத்தில் மட்டும் மந்தமாகச் சத்தம் கேட்டால் அங்கே பலகை கெட்டிருக்கிறது. நூலை மூலைக்கு மூலை இழுத்துப் பிடித்தால் நடுவில் தொய்வு இருக்கிறதா என்று தெரிந்துவிடும். இருமுறை மடித்து விரிக்கச் சொல்லுங்கள். பூட்டு சரியாக விழாத மேசையைப் பையன் இருக்கும் வீட்டில் வைக்கவே கூடாது.

'நூர் ஆப்ஹோலுங்' என்றிருந்தால் நாம்தான் போய் எடுத்துவர வேண்டும். வேன் வாடகைக்கு எடுப்பதானால் இப்போதே எடுங்கள்: இங்கே குடியேறி 6 மாதம் வரைதான் இந்திய ஓட்டுநர் உரிமம் செல்லும், உங்களுக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது.

கேள்வி: அளந்துவிட்டேன் அண்ணா. கெல்லர் அறை 4.2 மீட்டருக்கு 2.8. சுவர் காய்ந்துதான் இருக்கிறது.

பதில்: நெருக்கம், தம்பி. பின்னால் ஆளுக்கு 73 சென்டிமீட்டர். முதல் பேக்ஹேண்டிலேயே முழங்கை சுவரில் இடிக்கும். இருவர் ஆட முழு மேசை அங்கே வேண்டாம். ஆனால் ஒரு பாதியை மட்டும் சுவர்போல நிமிர்த்தி, மறுபாதியில் தனியாக அடித்துப் பழகும் வசதி பல மடிப்பு மேசைகளில் உண்டு. அதற்கு இந்த அறை தாராளம். பையன் பந்துக்குப் பழகுவான்.

இருவர் ஆட்டத்துக்குப் பூங்காவுக்குப் போங்கள். கான்கிரீட் மேசை பெரும்பாலும் நடந்துபோகும் தூரத்திலேயே இருக்கும், காசு கிடையாது. உள்ளூர்ப் பிள்ளைகள் மேசையைச் சுற்றி ஓடி ஓடி 'ருண்ட்லாவ்ஃப்' ஆடுவார்கள். பையனுக்கு ஜெர்மன் மொழி அங்கேதான் முதலில் ஒட்டும். குளிர் வந்ததும் ஒரு சங்கத்தில் சேர்த்துவிடுங்கள். நம் சென்னையின் டேபிள் டென்னிஸ் வீரர் சத்தியன் ஒரு காலத்தில் ஆடிய கிரூன்வெட்டர்ஸ்பாக் அணி உங்கள் ஊரில்தான் இருக்கிறது. சோதனைப் பயிற்சி உண்டா என்று எழுதிக் கேளுங்கள். உள்ளே போடக் கறுப்பு அடி இல்லாத காலணி ஒன்று வாங்கி வையுங்கள். தரையில் கோடு விழுந்தால் கோபித்துக்கொள்வார்கள்.