புதுப்பிப்பு: அம்மாவோட குடல் அடைப்பு, இப்ப சாப்பாடு எப்படி போகுது

போன தடவ கேட்டிருந்தேன்ல, அம்மாவுக்கு சினைப்பை கேன்சர், குடல் ஒரு எடத்துல சுருங்கி பாதி அடைப்பு, சாப்பிட்டாலே வயிறு முறுக்கி வாந்தி வருது என்ன குடுக்கலாம்னு, பதில் சொன்ன அக்கா அண்ணனுங்க எல்லாருக்கும் ரொம்ப நன்றி. இப்ப கொஞ்சம் பரவால்ல.

டயட்டீசியன் சொன்னது, நார்ச்சத்த கொறைக்கணும், கொஞ்சம் கொஞ்சமா பல வேளையா பிரிச்சு குடுக்கணும், நல்லா மென்னு முழுங்கணும். கீரை, முருங்கக்கா, கொய்யா, தேங்காச் சில்லு, கடலை எல்லாம் கட். இங்க பாம்பன் பக்கம் இப்ப பனங்கிழங்கு சீசன், வர்ற சொந்தக்காரங்க எல்லாம் ஒரு கட்டு கொண்டாந்துடுறாங்க, அம்மாவுக்கு அதுன்னா உசுரு, ஆனா நார உரிச்சாலும் உள்ள நூல் நூலா இருக்கும், அது போய் அடைச்சுக்கும்னு நானே எடுத்து வச்சுர்றேன், பாவமாத்தான் இருக்கு. இப்ப கொழைய வச்ச பச்சரிசிக் கஞ்சி, இட்லி, தோல் சீவி வேகவச்சு மசிச்ச கேரட்டு, முள்ளெடுத்த மீன் சதை காரம் கொறச்ச கொழம்போட. வலி கூடுற அன்னிக்கு வடிகட்டின சூப்பு, மோரு மட்டும்தான்.

யாரோ வெளக்கெண்ண குடுங்கன்னு சொல்லிருந்தீங்க, தயவு செஞ்சு அடைப்பு இருக்கவங்களுக்கு பேதி மருந்து எதையும் டாக்டர கேக்காம குடுக்காதீங்க. வாந்தி நிக்காம வயிறு உப்பி காத்தே பிரியலன்னா சாப்பாடு தண்ணிய நிறுத்திட்டு, நடுராத்திரின்னாலும் ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போயிருங்க.