தாமஸ் லாரன்ஸ் வரைந்த திருமதி வுல்ஃப் ஓவியம்: விவரம் அறிந்தவர்கள் உதவ வேண்டுகிறேன்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். லண்டனில் டென்மார்க்கின் கான்சலாக (வணிகத் தூதராக) இருந்த ஜென்ஸ் வுல்ஃபின் மனைவி இசபெல்லாவை ஆங்கில ஓவியர் தாமஸ் லாரன்ஸ் 1803இல் வரையத் தொடங்கி, தமக்கு சர் பட்டம் கிடைத்த 1815ஆம் ஆண்டில்தான் லண்டன் ராயல் அகாதமி என்ற கலை அமைப்பின் கண்காட்சியில் வைத்தார். அதற்குள் அந்தத் தம்பதியர் பிரிந்துவிட்டிருந்தனர். கேட்டு வாங்கும் உருவப்படங்களுக்கு இவ்வளவு தாமதம் லாரன்ஸிடம் புதிதல்ல என்றாலும், இதில் சோம்பலைவிடப் பிரியமே தெரிவதாக எனக்குத் தோன்றுகிறது.

வெள்ளை சாட்டின் உடையில், ஒரு கையில் தலையைச் சாய்த்தபடி, மைக்கேலாஞ்சலோ சிஸ்டைன் தேவாலய விதானத்தில் தீட்டிய டெல்ஃபி குறிகாரியின் (பண்டைக் கிரேக்கத்தில் குறி சொன்ன பெண்ணின்) படம் உள்ள பெரிய புத்தகத்தை இசபெல்லா பார்த்துக்கொண்டிருக்கிறார்.

இந்த ஓவியத்தைப் பற்றிக் கட்டுரை எழுதிவருகிறேன். அந்த உடையின் தையலும் தலை அலங்காரமும் 1803ஆம் ஆண்டு நாகரிகத்தைச் சேர்ந்தவையா, அல்லது 1815க்கு ஏற்ப மாற்றி வரையப்பட்டவையா என்பதை ஆடை வரலாறு அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாவேன். ஓவியம் இப்போது சிகாகோ கலைக்கழகத்தில் இருப்பதால், அங்கு வசிக்கும் அன்பர் எவரேனும் புத்தகப் பக்கத்தையும் சாட்டின் மடிப்புகளையும் ஃப்ளாஷ் இல்லாமல் அருகிலிருந்து படமெடுத்து அனுப்ப இயலுமா?