முதல் கணினி: மிச்சப் பணத்தை எதில் போடுவது?

பெகு இளவல்:
வணக்கம். பாடக் குறிப்புகளைத் தட்டெழுதவும் கல்யாண வீடியோக்களை எடிட் செய்யவும் முதன்முதலாக நானே ஒரு கணினியைக் கூட்டப் போகிறேன். ரைசன் 5 5600ஜி பிராசசர், இரண்டு 8 ஜிபி ரேம், 500 ஜிபி எஸ்எஸ்டி என்று எழுதி வைத்திருக்கிறேன். எங்கள் தெருவில் கரண்ட் முறை வைத்துத்தான் வருகிறது. மிச்சப் பணத்துக்குக் கிராபிக்ஸ் கார்டு வாங்கலாமா?

ரங்கூன் மெக்கானிக்:
வேண்டாம், தம்பி. அந்தப் பணம் பவர் சப்ளைக்கும் யூபிஎஸ்ஸுக்கும் போகட்டும். என் முதல் கணினிக்குக் கேபினெட்டோடு சேர்ந்து வந்த பவர் சப்ளையையே வைத்திருந்தேன். ஒரு மாலை, போன கரண்ட் திரும்பி வந்த நொடியில் 'டப்' என்று ஒரு சத்தம். திறந்து பார்த்தால் கெப்பாசிட்டர்களின் தலை பூரி போல உப்பி, அடியில் பழுப்பு நீர் கசிந்திருந்தது. மதர்போர்டும் கூடவே போய்விட்டது. கணினி பவர் சப்ளைகளுக்கான ஏடிஎக்ஸ் 3.0 வரையறைப்படி, மின்சாரம் அறுந்த பிறகும் 80 சதவீதச் சுமையில் 17 மில்லி விநாடி, முழுச் சுமையில் 12 மில்லி விநாடி பவர் சப்ளை தாக்குப் பிடிக்க வேண்டும். யூபிஎஸ் பேட்டரிக்கு மாறுவதற்குப் பொதுவாக 4 முதல் 10 மில்லி விநாடி ஆகும் என்பதால், அந்த இடைவெளியைத் தாண்டாத மட்டமான பவர் சப்ளை இருந்தால் யூபிஎஸ் இருந்தும் கணினி அணைந்துவிடும்.

மாந்தலே அச்சகத்தார்:
கிராபிக்ஸ் கார்டு இப்போது தேவையில்லை என்பதில் எனக்கும் அதே கருத்துதான். ஆனால் 5600ஜி வேண்டாம் என்கிறேன். அது 2021இல் வந்த பிராசசர், 2016இல் அறிமுகமான ஏஎம்4 சாக்கெட்டில் (போர்டில் பிராசசர் பொருந்தும் இடம்) உட்காருவது, கார்டுகளும் எஸ்எஸ்டியும் பேசும் பிசிஐஇ வழியில் பழைய 3.0 தலைமுறைக்கு மேல் போகாது. ரைசன் 5 7600 வாங்கினால், அதற்கும் அதே 65 வாட்தான், திரையில் படம் காட்டும் அளவுக்குக் கிராபிக்ஸும் உள்ளேயே இருக்கிறது, அது புது ஏஎம்5 சாக்கெட்டில் உட்காருவதால் நாளைக்குப் பிராசசரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

ரங்கூன் மெக்கானிக்:
அண்ணன் சொல்வது நியாயம்தான், ஆனால் ஏஎம்5 போர்டு புதுத் தலைமுறை டிடிஆர்5 ரேமை மட்டுமே ஏற்கும். போர்டும் ரேமும் சேர்ந்து விழுங்கும் தொகை எங்கிருந்து வரும்? யூபிஎஸ்ஸுக்கு வைத்த பணத்திலிருந்துதான் வரும். எடிட்டிங் பாதியில் அணைந்து போகிற கணினியில் புது சாக்கெட் இருந்து என்ன பயன்? இன்னொன்று, தம்பி: 5600ஜிக்கு உள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ், கணினியின் ரேமைத்தான் பங்கு போட்டுக்கொள்கிறது; ரேம் இரண்டு துண்டாக இருந்தால் ஒரே நேரத்தில் இரண்டு வழியாகத் தரவு போகும், கிராபிக்ஸும் வேகமாக ஓடும். நீங்கள் ஒரே 16 ஜிபிக்குப் பதிலாக இரண்டு 8 ஜிபி எழுதியிருப்பது மிகச் சரி. கடைக்காரர் சொன்னாலும் மாற்றாதீர்கள்.

மாந்தலே அச்சகத்தார்:
யூபிஎஸ்ஸை விட்டுத்தர நான் சொல்லவில்லை. நான்கு மாதம் பொறுத்து இரண்டையும் வாங்கட்டும் என்கிறேன். வாங்கும்போது ப்யூர் சைன் வேவ், அதாவது வீட்டு மின்சாரம் போலச் சீரான அலை தரும் யூபிஎஸ்ஸாகப் பார்த்து வாங்குங்கள். ஆக்டிவ் பிஎஃப்சி (மின்சாரத்தைச் சீராக இழுக்க வைக்கும் சுற்று) உள்ள பவர் சப்ளைகள் சில, படிப்படியான அலை தரும் மலிவு யூபிஎஸ்களோடு ஒத்துப்போவதில்லை.

பெகு இளவல்:
ஐப்பசியில் எங்கள் பக்கம் கல்யாண வேலை தொடங்கிவிடும், அண்ணன், அதற்குமேல் என்னால் பொறுக்க முடியாது. 5600ஜியையே வாங்குகிறேன். பவர் சப்ளையையும் யூபிஎஸ்ஸையும் இந்த வாரமே பார்க்கிறேன்.